ஒத்தைக்கண்ணு அவைஸ் கொண்டுவந்த கப்பல்

அவைஸுக்கு இரண்டு கண்ணிலும் பழுதில்லை. கரையில் நின்றபடியே தூரத்தில் போகிற படகு யாருடையது என்று சொல்லிவிடுவார். இருந்தாலும் ஹமர்வேனே பேட்டையில் ‘ஒத்தைக்கண்ணு வீடு எது?’ என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். மொகதிஷு என்பது வரைபடத்துக்கும் வானொலிச் செய்திக்கும் உள்ள பெயர். அங்கே பிறந்தவர்களுக்கு அது ஹமர். ஹமரில் பட்டப்பெயர் இல்லாமல் ஒருவன் மண்ணுக்குள்கூடப் போக முடியாது. அவைஸ் எதைப் பார்த்தாலும் இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் குறிவைத்துப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் பார்த்தார்.

“எனக்குக் கண்ணடிக்கிறான்னு நினைச்சுச் சிவந்துபோய் நின்னேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எங்க வீட்டுத் தூண் நேரா நிக்குதான்னு பார்த்திருக்கான் மனுஷன்” என்று அவர் மனைவி அம்பரோ இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பழக்கம் துறைமுகத்தில் ஒட்டிக்கொண்டது. பெரிய துறைமுகம் கட்டி முடித்த வருஷம் அவைஸுக்குப் பதினேழு வயது. இழுவைப்படகில் கயிறு வீசும் வேலை கிடைத்தது. வாழைக்குலை ஏற்றிப்போக இத்தாலியிலிருந்து வெள்ளை வெளேரென்று கப்பல்கள் வரும். ஆடும் ஒட்டகமும் ஏற்ற அரபிக் கப்பல்கள் வரும். ஒவ்வொன்றையும் அலைதடுப்புச் சுவரின் முனை தாண்டி உள்ளே இழுத்து வர வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மணல்திட்டு, நடுவே ஒரே ஒரு வழி. தண்ணீருக்கு மேல் எல்லாம் ஒரே நீலம். கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்?

கோடு கரையில் இருந்தது. சுங்கக் கிடங்கின் கூரைமேல் ஒரு கடிகார மாடம். அதற்கு வெகுதூரம் பின்னால், குன்றின்மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. கடலிலிருந்து பார்க்கும்போது மாடத்துக்கு நேர் பின்னால் தொட்டி நின்றால் கப்பல் சரியான வழியில் இருக்கிறது. தொட்டி இப்படியோ அப்படியோ எட்டிப்பார்த்தால் கப்பல் விலகிவிட்டது. மாடம் முன்குறி, தொட்டி பின்குறி. அவைஸுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கயிறு சுருட்டிக்கொண்டே, ஒரு கண்ணை மூடிக்கொண்டே, அவராகப் பிடித்துக்கொண்டது. முப்பது வயதில் சுக்கானைப் பிடித்தார். அடுத்த வருஷம் போர் வந்தது.

முதலில் அரசாங்கம் ஓடியது. பிறகு அதை விரட்டியவர்களே இரண்டாகப் பிரிந்து ஊரை நடுவில் கிழித்துக்கொண்டார்கள். வடக்கிலிருந்து தெற்குக்கும் தெற்கிலிருந்து வடக்குக்கும் குண்டுகள் பறந்தன. அவைஸின் அண்ணன் மாவு வாங்கப்போன இடத்தில் செத்தார். பழைய ஹமர் குடும்பங்களுக்குத் துப்பாக்கியும் கிடையாது, துப்பாக்கிக்காரச் சொந்தமும் கிடையாது. வீடு வீடாகக் கொள்ளை போனது. அக்கம்பக்கத்தார் படகேறி மொம்பாசாவுக்குப் போனார்கள். அவைஸும் மூட்டை கட்டினார்.

“நீ போறதுன்னா போ” என்றாள் அம்பரோ. “என் மண்ணடுப்பை யாரு தூக்குவா? இந்த அடுப்புல சுட்டாதான் முஃபோ ரொட்டி ரொட்டியா இருக்கும்.”

“உசுரு போனா ரொட்டி எதுக்குடி?”

“உசுரு இருந்து ரொட்டி இல்லேன்னா மட்டும்?”

அவைஸ் மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

ஒருநாள் மீன்பிடித்துத் திரும்பும்போது வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக் கரையைப் பார்த்தார். கடிகார மாடம் இல்லை. முந்தினநாள் இரவு விழுந்த குண்டு, கிடங்கையும் சேர்த்துக் கல்மேடாக்கியிருந்தது. தொட்டி மட்டும் வயிற்றில் ஓட்டையோடு குன்றின்மேல் நின்றது. அன்று படகிலேயே உட்கார்ந்து அழுதார். அண்ணன் செத்தபோது வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகு துறைமுகமே மூடிப்போனது, பதினோரு வருஷத்துக்கு. தனக்குக் கிடைக்காததை வேறு எவரும் திறக்கக்கூடாது என்பதுதான் துப்பாக்கிக்காரர்களுக்குள் இருந்த ஒரே ஒப்பந்தம். ஊருக்கு மாவும் சர்க்கரையும் வேண்டுமே? வடக்கே எல்மான் கடற்கரையில், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சின்னப் படகுகளில் இறக்கி, கழுத்தளவுத் தண்ணீரில் தலைமேல் மூட்டை சுமந்து சுமைக்காரர்கள் கரையேறினார்கள். சர்க்கரை மூட்டை உப்புக்கரித்தது. ‘தேநீருக்கு உப்புப் போடாதே, சர்க்கரையே போதும்’ என்பது அந்தக் காலத்து ஹமர் கேலி.

அவைஸ் அந்தப் பதினோரு வருஷமும் துறைமுக வாயிலிலேயே வலை போட்டார். அங்கே ஒரு தட்டைப்படகு, இரும்பும் துருவுமாக, போரின்போது மூழ்கிக் கிடந்தது. அதன் வயிற்றில் சிங்கி இறால் கொழுத்துக் கிடக்கும். மூச்சடக்கி இறங்கி, கையுறை போட்ட கையால் பிடித்து வருவார். மணல்திட்டு எந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தது, தட்டைப்படகின் மூக்கு எவ்வளவு சாய்ந்தது, எல்லாம் அவருக்கு வீட்டு முற்றம் மாதிரி.

துப்பாக்கிக்காரர்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்ட வருஷம், ஒரு வழியாகத் துறைமுகத்தைத் திறப்பது என்று ஊர் முடிவெடுத்தது. தீர்மானம் எளிது. கப்பல் வர வேண்டுமே! எந்தக் கப்பல் முதலாளியும் சம்மதிக்கவில்லை. கடைசியில் சிரியாக்காரக் கேப்டன் ஒருவர், ஹைதம் என்று பெயர், ‘நஜ்மா’ என்ற தன் பழைய சரக்குக் கப்பலை வெளியே நங்கூரமிட்டு நிறுத்தி, “வழி தெரிந்த ஆள் இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் நாளைக்குத் திரும்பிவிடுவேன்” என்று சொல்லி அனுப்பினார்.

துறைமுகப் பொறுப்பை ஏற்றிருந்தவர் நூர்தீன், முன்னாள் கணக்குவாத்தியார். அவர் ஹமர்வேனேச் சந்துக்குள் செருப்பு தேய ஓடிவந்தார்.

“ஒத்தைக்கண்ணு மாமா! கப்பல் ஒண்ணைக் கொண்டுவரணும்.”

அவைஸ் தட்டில் இருந்த வாழைப்பழத்தையும் சோற்றையும் பிசைந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

“எந்தக் கப்பல்?”

“நிஜக் கப்பல் மாமா! மாவு, பாஸ்தா, சிமெண்ட்டு. வெளிய நிக்குது.”

“எவ்வளவு ஆழம் இறங்கும்?”

“அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நான் கணக்குவாத்தியாரு.”

“அப்ப கேட்டுட்டு வாடா, கணக்குவாத்தியாரே!” என்று கத்தியபடி, கழுவாத கையோடு அவைஸ் தெருவுக்கே வந்துவிட்டார். வயது நாற்பத்தாறு. முகம் பதினேழாகிவிட்டது.

அன்று மத்தியானம் முழுக்க ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வழி நெடுக இறக்கி இறக்கி ஆழம் பார்த்தார். காலை ஒன்பது மணிக்கு நீரேற்றம். அப்போது நுழைந்தால் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு முழம் தண்ணீர் மிச்சமிருக்கும். முன்குறிக்கு மட்டும்தான் வழியில்லை. கல்மேட்டில் ஏறித் தேடினார். மாடத்துக்கு ஏறும் படிக்கட்டில் மூன்று படி மிஞ்சியிருந்தது. அதன்மேல் கல்லை அடுக்கி, நெட்டைக் கம்பம் ஒன்றை நட்டு, வெள்ளைத் துணியைக் கட்டினார். கீழே இறங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நிமிர்ந்து நின்றது.

மறுநாள் காலை எட்டேகாலுக்குப் படகில் போய், தொங்கிய கயிற்றேணியைப் பிடித்து ‘நஜ்மா’வில் ஏறினார். ஏறும்போது ஒரு செருப்பு கடலில் விழுந்தது. ஒற்றைச் செருப்போடு சுக்கான் அறைக்குள் நுழைந்தவரைக் கேப்டன் ஹைதம் மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதான் வழிகாட்டியா?”

“நான்தான்.”

“உங்க துறைமுக வரைபடம் எங்கே?”

அவைஸ் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

“என் கருவியிலே நாம நிக்கிற இடம் காட்டுது” என்றார் கேப்டன், ஒரு பெட்டியைத் தட்டி.

“நிக்கிற இடத்தைக் காட்டும். அடியிலே கிடக்கிறதைக் காட்டுமா? நான் அதும்மேல பதினோரு வருஷம் இறால் பிடிச்சிருக்கேன். கிளப்புங்க கேப்டன்! தண்ணி உங்களுக்காகக் காத்திருக்காது.”

கப்பல் கிளம்பியது. காலடியில் இயந்திரம் உறுமியது. இத்தனை வருஷம் கழித்துக் கால்களுக்குக் கீழே ஒரு கப்பல்! அலைதடுப்புச் சுவர் முழுக்கத் தலைகள். ஊரே அங்கே நின்றது. அவர் கரையைப் பார்த்து இடக்கண்ணை மூடினார். குன்றின்மேல் ஓட்டைத் தொட்டி, சரி. அதற்கு முன்னால்...

கம்பத்தைக் காணோம்.

இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார். இல்லை. எவனோ விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்! ஹமரில் கம்பு கண்ணில் பட்டால் அது அடுப்புக்குத்தான் என்பதைக் கம்பம் நட்டபோது மறந்துவிட்டார்.

“என்ன ஆச்சு?” என்றார் கேப்டன்.

“ஒண்ணுமில்லே. மெதுவா போங்க.” அவைஸ் இடுப்பிலிருந்த கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்தார். அவள் துறைமுக வாசலில், திறப்புவிழாக் கூட்டத்துக்கு ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள்.

“அம்பரோ! கல்மேட்டுமேல ஏறு! ஓடு!”

“என்னங்க, பொழுது விடிஞ்சதும் பைத்தியமா?”

“கம்பத்தைத் திருடிட்டானுங்கடி! துணி ஏதாவது எடுத்துக்கிட்டு ஏறு! படிக்கட்டு இருக்கும் பாரு, அதும்மேல நின்னு தூக்கிப் பிடி. அதுதான் என் குறி!”

“என்ன துணி?”

“பெரிசா, பளிச்சுன்னு!”

அம்பரோவின் பக்கத்தில் அவள் நாத்தனார் ஷம்ஸோ, திருவிழாவுக்கு வருவதுபோல மஞ்சளும் சிவப்பும் கோடு போட்ட அலிந்திச் சேலை சுற்றி நின்றாள். ஹமர்த் தறியில் நெய்த சேலை. அம்பரோ அதன் மேல்முந்தியைப் பிடித்து ஒரே உருவல்.

“அடியே! கல்யாணச் சேலைடி!”

“உள்ளதான் இன்னொண்ணு கட்டியிருக்கியே, வாடி!” இரண்டு பேரும் மீன்காரரிடமிருந்து இரண்டு துடுப்பைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். விஷயம் புரியாமலே பின்னால் இருபது பெண்கள் ஓடினார்கள்.

கப்பலில் கேப்டனின் குரல் ஏறியது. “அஞ்சு நிமிஷம்தான். அதுக்குள்ள வழி சொல்லாட்டி திருப்பிடுவேன். அதைத் தாண்டினா திருப்பவும் முடியாது.”

“திருப்பாதீங்க. வருது.”

கல்மேட்டின்மேல் மஞ்சள் சிவப்பாக ஒன்று படபடவென்று எழுந்தது. அவைஸ் துள்ளினார். ஒரு கண்ணை மூடி, துணியையும் தொட்டியையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தார். அந்தக் கோடு நேராகப் போய், மூழ்கிய தட்டைப்படகுமேல் நுரை உடையும் இடத்தில் விழுந்தது.

“அம்பரோ! எங்கடி நிக்கிறே?”

“படிமேலதான்!” அவளுக்கு மூச்சு வாங்கியது.

“எத்தனை படி?”

“எண்ணச் சொல்றானே, பாவி! ஒண்ணு... ரெண்டு... அஞ்சு!”

“அது எடைமேடைப் படி! எனக்கு மூணு படி வேணும். மூணு! மீன்சந்தைப் பக்கமா நகரு!”

“எவ்வளவு தூரம்?”

“உங்க அம்மா வீட்டுத் திண்ணை நீளம் ரெண்டு மடங்கு!”

“இப்பவும் எங்க அம்மா வீட்டை இழுக்கணுமா?” என்றாலும் அவள் ஓடினாள். கல் சரிந்தது, ஷம்ஸோ ஒரு தடவை விழுந்து, துடுப்பை விடாமல் எழுந்தாள். கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுக்கான்காரன் கேப்டனைப் பார்த்தான். அவைஸ் யாரையும் பார்க்கவில்லை. அந்த மஞ்சள் சிவப்புப் புள்ளி கல்மேட்டின்மேல் தத்தித் தத்திப் போவதை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு படி! கிடைச்சுடுச்சு!” என்று கைப்பேசி அலறியது.

துடுப்புகள் நிமிர்ந்தன. காற்று சேலையைப் பாய்மரம்போல ஊத, இருபது பெண்களும் சேர்ந்து துடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். துணிக்கு இடப்பக்கத்தில் தொட்டி எட்டிப்பார்த்தது.

“வலப்பக்கம் பத்து டிகிரி!” என்று அவைஸ் கத்தினார். “இன்னும்... இன்னும்... நேர்! இப்படியே பிடி!”

தொட்டி மெல்ல நகர்ந்து சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இடப்பக்கம் தட்டைப்படகின் நுரை, கைக்கெட்டுகிற தூரத்தில் கடந்து போனது. வலப்பக்கம் மணல்திட்டு பழுப்பாகத் தெரிந்து, மறைந்தது. அடியில் லேசாக ஒரு உரசல். இயந்திரம் ஒருமுறை இருமியது. பிறகு அலையே இல்லாத அமைதியான தண்ணீர். உள்ளே வந்துவிட்டார்கள்.

கல்மேட்டிலிருந்து எழுந்த குலவை கடலுக்கே கேட்டது. அலைதடுப்புச் சுவரில் இருந்தவர்கள் தொப்பியை வீசினார்கள். சிலர் தங்களையே தண்ணீருக்குள் வீசிக்கொண்டார்கள். எல்மானில் கழுத்தளவு நீரில் மூட்டை சுமந்த சுமைக்காரர்கள் கப்பலின் முதல் கயிற்றைப் பிடிக்க முண்டியடித்தார்கள். ஒரு கயிற்றுக்கு நாற்பது பேர். காலில் ஈரம் படாமல் மூட்டை இறக்கப்போகிறோம் என்பதை நம்பமுடியாமல், ஒரு கிழட்டுச் சுமைக்காரர் காய்ந்த தரையைக் குனிந்து தடவித் தடவிப் பார்த்தார்.

ஹைதம் அவைஸின் தோளைப் பிடித்தார். “உங்க முன்குறி யாரு?”

“என் பொண்டாட்டி.”

“அப்ப அவங்ககிட்ட சொல்லுங்க. முப்பது வருஷமா கடல்ல இருக்கேன், என்னைத் திட்டிக்கிட்டே உள்ள கூட்டிட்டு வந்த முதல் கலங்கரைவிளக்கம் அவங்கதான்.”

அவைஸ் இறங்கிப் போனபோது அம்பரோ முழங்காலில் ரத்தமும் முகமெல்லாம் புழுதியுமாக நின்றாள். “ஒத்தைச் செருப்போடயா சிரியாக்காரன் முன்னால போய் நின்னே? மானம் போச்சு!” என்றாள். சொல்லிவிட்டு, கூட்டம் பார்க்கிறது என்றும் பாராமல், அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அத்தோடு சண்டை முடிந்துவிடவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே எல்லை தாண்டி அண்டைநாட்டு டாங்கிகள் வந்தன. அடுத்த சில வருஷங்கள் முன்னதைவிட மோசமாக இருந்தன. ஊரில் பாதி காலியானது. ஆனால் துறைமுகம் மறுபடி பழையபடி பூட்டிக்கிடக்கவில்லை. எப்போதெல்லாம் கப்பல் வந்ததோ, அப்போதெல்லாம் அவைஸ் போனார். மூன்று படிமேல் இரும்புக் கம்பம் ஒன்றைக் காரைபோட்டு நட்டார். விறகுக்கு ஆகாத கம்பம்.

பிறகு ஊர் எழத்தொடங்கியது. எழுந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்! நைரோபியிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் ஆட்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். காலையில் கல்மேடாக இருந்த இடத்தில் சாயங்காலம் அஸ்திவாரக் குழி. தெருவுக்குத் தெரு சிமெண்ட் கலக்கும் இரைச்சல். ‘நஜ்மா’ வகைக் கப்பல்கள் வரிசையில் காத்து நின்றன. அவைஸ் ஒரே நாளில் மூன்று கப்பல் கொண்டுவந்தார். சாப்பிட நேரமில்லை என்று புலம்பியபடியே துள்ளி நடந்தார்.

ஒருநாள் கடலிலிருந்து பார்த்தால் தொட்டியைக் காணோம். குண்டு விழவில்லை, நடுவில் ஒரு கட்டடம் எழும்பி மறைத்துவிட்டது. கப்பலைக் கரையில் கயிறு போட்டுக் கட்டியதும் அவைஸ் நேரே அங்கே போனார். டொராண்டோவிலிருந்து திரும்பிய ஹிபோ என்ற பெண், தலையில் மஞ்சள் தொப்பியோடு தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரைக் கேட்டு அஞ்சாவது மாடி போட்டே?”

“அனுமதி வாங்கியிருக்கேன் பெரியப்பா. நீங்க எந்த ஆபீஸ்?”

“கடல் ஆபீஸ்! உன் மாடி என் தொட்டியை மறைக்குது. நான் கப்பலை எதை வச்சு ஓட்டறது, உன் மூக்கை வச்சா?”

“ஊர்ல எல்லாரும் கட்டடம் வரலையேன்னு அழுவாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்துடுச்சேன்னு அழறீங்க!”

அவைஸ் சண்டையைத் தொடரத்தான் வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருபது வருஷமாக ஒவ்வொரு குறியாக விழுவதைப் பார்த்தவர். எழும்பி நின்று குறியை மறைக்கிற கட்டடத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார். ஹிபோ பயந்து அவருக்கு நாற்காலி போட்டாள். தேநீர் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது. அவரைக் கூரைக்கு இழுத்துப் போனாள். கூரைமேல் வைக்கப்போகிற தண்ணீர்த் தொட்டியை எங்கே வைத்தால் கம்பத்துக்கு நேராக வரும் என்று இரண்டு நாள் அளந்தார்கள். அவைஸ் படகிலிருந்து கத்த, ஹிபோவின் கொத்தனார்கள் தொட்டியைத் தள்ளினார்கள். கடைசியில் எட்டு அடி தள்ளி உட்கார்ந்தது, குழாய்க்காரன் தலையிலடித்துக்கொண்டான். ஆரஞ்சு வண்ணம் அடித்தார்கள், பத்து மைலுக்குத் தெரிகிற மாதிரி.

“அழகாவே இல்லை” என்றாள் ஹிபோ.

“கடல்லேருந்து பாரு, அரபிக் குதிரை மாதிரி இருக்கு” என்றார் அவைஸ்.

இப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. புதிய பாரந்தூக்கிகள் கரையில் வரிசையாக நிற்கின்றன. வழிகாட்டிகள் நான்கு பேர், நல்ல கருவிகளோடு. இருந்தாலும் கடல் மூடும் காலத்தில், தென்மேற்குக் காற்று அலையை மலையாக்கும் நாட்களில், நூர்தீனின் அழைப்பு வந்துவிடும். சென்ற வாரமும் வந்தது. அம்பரோ அப்போதுதான் பொரித்த மீனைத் தட்டில் வைத்திருந்தாள்.

“எவ்வளவு ஆழம் இறங்கும்னு கேட்டியாடா?” என்று கைப்பேசியில் கத்தியபடி அவைஸ் எழுந்தார்.

“ஒன்பது மீட்டர், மாமா! இந்த வாட்டி கேட்டுட்டேன்!”

“தின்னுட்டுப் போயேன்” என்றாள் அம்பரோ.

“நீரேற்றம் நிக்காதுடி.”

அவள் மீனை ரொட்டியில் சுருட்டி அவர் சட்டைப்பையில் திணித்தாள். அவர் சந்து முனையைத் திரும்பும்போது பாதி ரொட்டி வாய்க்குள் போயிருந்தது.